ஆடு தொடாததை மான் தொடுமா?

கேள்வி: திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலைக் காட்டை ஒட்டி எங்கள் நிலம் இருக்கிறது. வீட்டைச் சுற்றி 25 சென்ட் தோட்டம். செம்பருத்தி, ரோஜா, அகத்தி, முருங்கைக் கன்று என்று எதை வைத்தாலும் ராத்திரியில் புள்ளிமான் வந்து மொட்டையடித்துவிட்டுப் போகிறது. சுற்றிலும் கம்பிவேலி போட இப்போது வசதியில்லை. மான் தொடாத பூச்செடி, மரம் எவை? தோட்டத்தைச் சுற்றி அரளி நட்டால் மான் உள்ளே வராது என்கிறார்களே, உண்மையா? ஆறு வெள்ளாடும் இரண்டு மாடும் வைத்திருக்கிறோம்.

பதில்: வெள்ளாடு வைத்திருக்கிறோம் என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது. மானும் ஆட்டைப் போல அசைபோடும் பிராணி. இரண்டுக்கும் மேல்வரிசையில் முன்பல் கிடையாது. இரண்டும் முதலில் கொழுந்தைத்தான் தேடும். எனவே எந்தச் செடியைக் கண்டு ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறதோ, அதை மானும் பெரும்பாலும் விட்டுவிடும். நம் முன்னோர் இதைப் பார்த்தே செடிக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். ஆடாதொடை என்பது ‘ஆடு தொடா’ இலை. ஆடுதின்னாப்பாளைக்கு விளக்கமே வேண்டாம்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். விடிந்ததும் போய், கடிபட்ட கிளையின் நுனியைப் பாருங்கள். கத்தியால் சாய்வாகச் சீவினது போல இருந்தால் அது முயல். மானுக்கு மேல் முன்பல் இல்லாததால் கவ்வி இழுத்துப் பிய்க்கும். நுனி நார்நாராகத் தொங்கும். ஆடு கடித்தாலும் இப்படித்தான் இருக்கும் என்பதால், ராத்திரியில் பட்டி சரியாகச் சாத்தியிருந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்! புழுக்கையும் காட்டிக்கொடுக்கும். மான் புழுக்கை ஆட்டுப் புழுக்கை போலவே இருந்தாலும், பலவற்றில் ஒரு முனை கிள்ளிவிட்டது போலக் கூராக இருக்கும்.

இப்போது செடிக்கு வருவோம். இயற்கை விவசாயத்தில் பூச்சிவிரட்டிக்கு இலை பறிக்க ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, கசக்கினால் வாடை அடிக்கும் இலை, வாயில் வைத்தால் கசக்கும் இலை. பூச்சிக்குச் சொன்ன அந்தக் கணக்கு மானுக்கும் ஏறக்குறைய பொருந்துகிறது. ஐந்து வகை இலையில் செய்யும் பூச்சிவிரட்டியான ஐந்திலைக் கரைசலுக்கு நீங்கள் எதையெல்லாம் தேடிப் போகிறீர்களோ, அதையெல்லாம் தோட்டத்திலேயே வைத்துவிடலாம்.

வாடை அடிப்பவற்றில் என் முதல் ஓட்டு நொச்சிக்கு. போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டாலே பிடித்துக்கொள்ளும், வறட்சி தாங்கும், வெட்ட வெட்டத் தழையும். கொசுவுக்குப் புகை போட, ஆவி பிடிக்க, தானியக் குதிரில் போட என்று வீட்டுக்கும் உதவும். அடுத்தது ஆடாதொடை, இதுவும் போத்தில் வரும். தரையோரத்துக்குத் துளசி, திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல். சமையலுக்கு என்றால் மஞ்சளும் இஞ்சியும். அந்த இலை வாடைக்கு மான் பொதுவாக நின்று மேய்வதில்லை. மானாவாரியாகக் கொஞ்சம் இடம் இருந்தால் எள் விதையுங்கள். அதையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். உளுந்து, தட்டப்பயறு, நிலக்கடலை, கீரை இவற்றைக் காட்டைப் பார்த்த பக்கத்தில் போடுவது, இலை விரித்துக் கூப்பிடுவது மாதிரி.

பூவுக்கு நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, துலுக்கச் சாமந்தி, அரளி. நித்தியகல்யாணியைச் சுடுகாட்டுமல்லி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தத் தயக்கம் கிடையாது. தண்ணீர் இல்லாமல் வருஷம் முழுக்கப் பூக்கிற செடி, ஆடும் திரும்பிப் பார்க்காது. துலுக்கச் சாமந்தியில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். செடி முற்றி வாடை ஏறிய பிறகு தப்பிக்கும். நட்ட புதிதில் நாற்று இளசாக இருக்கும்போது மான் கிள்ளிப் பார்ப்பது உண்டு. ரோஜாவுக்கு முள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். முள் முற்றுவதற்குள் துளிரைத் தின்றுவிடும். செம்பருத்தியும் அப்படித்தான், அதில் கசப்பும் இல்லை, பாலும் இல்லை, ஆட்டுக்கு அது பலகாரம்.

மரத்தில் உங்கள் மண்ணுக்கு நான் சொல்வது சீத்தா. உங்கள் பக்கத்துக் கரடுகளில் தானாகவே முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடு நாள் முழுக்க மேய்கிற கரட்டில் சீத்தா மட்டும் எப்படித் தழைத்து நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இலையைக் கசக்கி மோந்தால் காரணம் தெரியும். பழத்துக்குக் குரங்கு வரும், அது வேறு தொல்லை. நிழலுக்குப் புங்கன் வையுங்கள். நெல்லி வைக்கலாமா என்றால், உதிர்ந்த நெல்லிக்காய்க்கு மான் தேடிக்கொண்டு வரும். நாவல், இலந்தை, அத்தி எல்லாம் அந்தக் கட்சிதான். மான் வருவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர் வைக்க வேண்டிய மரங்கள் அவை.

கசக்கிற எல்லாமே தப்பிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வேம்பைவிடக் கசப்பு எது? ஆடு அதை ஒடித்து ஒடித்துத் தின்கிறதே. எருக்கின் பச்சை இலையை விட்டுவிட்டுப் பழுத்த இலையைப் பொறுக்கித் தின்னும் ஆட்டையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் பட்டியலை நம்பிப் பணம் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வைக்க நினைக்கும் ஒவ்வொரு செடியிலும் இரண்டு கிளை ஒடித்து, மான் வரும் தடத்தில் குச்சியோடு கட்டி முழ உயரத்தில் நிறுத்துங்கள். வாடினால் மாற்றுங்கள். பதினைந்து நாள் போதும். உங்கள் காட்டு மானுக்கு எது பிடிக்காது என்பதை அதுவே சொல்லிவிடும். அரளி, ஆமணக்கு போன்ற விஷச்செடிகளை மட்டும் இப்படி ஒடித்துக் கட்டவேண்டாம். பகலில் உங்கள் ஆடு அந்த வழியாகப் போகும்.

இனி அரளி வேலி. அரளியை மான் தின்னாது என்பது சரி. அரளியைச் சுற்றி நட்டால் மான் உள்ளே வராது என்பது சரியில்லை. செடியைத் தின்னாமல் இருப்பது வேறு, செடியைத் தாண்டாமல் இருப்பது வேறு. இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஜவ்வாதுமலை அடிவாரத்தில் ஒரு தோட்டக்காரரிடம், நாலு பக்கமும் எலுமிச்சைப்புல் போடுங்கள், வாடைக்கே மான் ஓடிவிடும் என்று சொன்னேன். போட்டார். இரண்டு மாதம் கழித்துப் போனால் புல் செழிப்பாக இருந்தது. அதற்கு நடுவே ஒற்றையடிப்பாதை ஒன்று பளிச்சென்று விழுந்திருந்தது. பாதை நேராக அவரைப் பந்தலில் போய் முடிந்தது. கைக்கெட்டும் உயரம் வரை பந்தலில் ஓர் இலை இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ கொடுத்தார். அன்றிலிருந்து வாசனைச் செடியை வேலி என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

உங்கள் வீட்டில் அரளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கைப்பிடி இலை ஓர் ஆட்டைக் கொல்லப் போதும். காய்ந்தாலும் விஷம் போகாது. காய்ந்த இலையில் கசப்பு குறைந்து, ஆடு ஏமாந்து தின்றுவிடுவதுதான் அதிகம். மாலைக்கு அரளிப்பூ நல்ல விலை போகிறது; சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் அதையே தொழிலாகச் செய்கிறார்கள். பூ விற்கும் எண்ணம் இருந்தால் பட்டிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் எட்டாத மூலையில் வையுங்கள். கவாத்து செய்த கிளையை அன்றே குழியில் புதைத்துவிடுங்கள். எரிக்காதீர்கள், அந்தப் புகையும் ஆகாது. ஆமணக்கு விதைக்கும் இதே எச்சரிக்கைதான், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் இன்னும் கூடுதலாக.

மான் தின்னாது என்பதற்காக வைக்கவே கூடாதவை இரண்டு. ஒன்று உண்ணிச்செடி. மாடு தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்துபோகும். அதன் பழத்தைக் குருவி தின்று காடு முழுக்கப் பரப்பிவிடும். மற்றது சீமைக்கருவேலம். இலையைத் தொடாத மான் அதன் காயை விரும்பித் தின்னும். புழுக்கையோடு விதை விழுந்த இடமெல்லாம் முளைக்கும். அப்புறம் மானை விட்டுவிட்டு அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

சரி, அகத்தியும் முருங்கையும் வேண்டும் என்றால்? முருங்கையைக் கன்றாக வைக்காமல் போத்தாக வையுங்கள். மணிக்கட்டுப் பருமனில் எட்டு ஒன்பது அடிக் கிளையை வெட்டி ஒன்றரை அடி ஆழத்தில் நட்டால், துளிர் வரும் நுனி தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருக்கும். புள்ளிமான் பின்னங்காலில் எழும்பி நின்றும் தின்னும் என்பதால்தான் அந்த ஏழடிக் கணக்கு. கீழே பக்கவாட்டில் வரும் துளிரை நீங்களே கிள்ளி ஆட்டுக்குப் போட்டுவிடுங்கள். அகத்தி, செம்பருத்தி, ரோஜாவை வீட்டுச் சுவரை ஒட்டி, ஆள் நடமாட்டம் உள்ள பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். 25 சென்டையும் வளைக்கப் பணம் இல்லாவிட்டாலும் ஒரு சென்ட்டை வளைக்க முடியும். அந்த ஒரு சென்ட்டில் ஏழடி உயரத்துக்கு வலையை இழுத்துக் கட்டி, அடியில் இடைவெளி இல்லாமல் மண் அணைத்து, கீரையையும் அவரையையும் அதற்குள் போடுங்கள். அடிப்பகுதி முக்கியம். வேலி என்றதும் நாம் உயரத்தையே பார்க்கிறோம், புள்ளிமானோ தாண்டுவதைவிட நுழைவதையே விரும்பும். பழைய மீன்வலையைத் தொளதொளவென்று தொங்கவிடாதீர்கள். மானின் கொம்பு சிக்கும், சாரைப்பாம்பு சிக்கிச் சாகும். பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது நாலைந்து நாளைக்குப் பலிக்கும். அதற்குள் மானுக்குப் பழகிவிடும்.

எந்தச் செடியானாலும் முதல் இரண்டு வருஷம் காவல் வேண்டும். மானின் வாய்க்குத் தப்பித்த கன்று கொம்பால் சாகும். கிடா மான் கொம்பை உரசத் தோதான பருமனில் கன்று தேடும். புங்கனா சீத்தாவா என்று பார்க்காது, பட்டையை உரித்துவிடும். கன்றைச் சுற்றி நாலு மூங்கில் குச்சியை ஆளுயரத்துக்கு ஊன்றி, குறுக்கே இரண்டு இடத்தில் கட்டிவிட்டால் போதும். நர்சரியில் உரம் போட்டுக் கொழுகொழுவென்று வளர்த்த கன்றையும் மான் முதலில் ருசி பார்க்கும். வாங்கி வந்ததும் நடாமல், பத்து நாள் வெயிலில் தண்ணீரைக் குறைத்து முறுக்கேற்றி நடுங்கள்.

சித்திரை, வைகாசியில் காட்டில் புல் காய்ந்து கிடக்கும்போது மேலே சொன்ன கணக்கெல்லாம் கொஞ்சம் தளர்ந்துவிடும். பசித்த வாய் நொச்சியையும் கடித்துப் பார்க்கும். அந்த இரண்டு மாதத்துக்கு முட்டைக் கரைசல் தெளியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று முட்டை, நன்றாக அடித்துத் துணியில் வடிகட்டி (வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்), இரண்டு நாள் புளிக்கவிட்டு மாலையில் தெளிக்க வேண்டும். நாற்றம் நமக்குச் சீக்கிரம் அடங்கிவிடும், மான் மூக்குக்கு அடங்காது. வாரம் ஒருமுறை, கோடைமழை பெய்தால் மறுநாளே மறுபடியும். பறித்துத் தின்னும் கீரையில் தெளிக்காதீர்கள். வெளியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை ராத்திரியில் மூடிவையுங்கள். கோடையில் பல மான்கள் செடிக்காக வருவதில்லை, தண்ணீருக்கு வந்து செடியைப் பார்க்கின்றன.

உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது, இருந்தாலும் ஊரில் யாராவது யோசனை சொல்வார்கள் என்பதால் எழுதுகிறேன். கண்ணி வைப்பதும் வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்குப் போகிற குற்றம். அந்தக் கம்பியில் மானுக்கு முன்னால் மனிதர் செத்த கதைகள் ஏராளம். சோலார் மின்வேலிக்கும் 2023-இல் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்துவிட்டன. காட்டோரத்தில் வனத்துறையிடம் பதியாமல் போட முடியாது. பயிர்ச்சேதம் பெரிதாக இருந்தால், அழிந்த பயிரை உடனே போட்டோ எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். நாய் துரத்தி மான் எதுவும் உங்கள் நிலத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டாலும் அவர்களுக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும். நீங்களே பிடித்துக் கட்டிவைக்க வேண்டாம்.

கிளைச் சோதனையை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். நொச்சி, ஆடாதொடைப் போத்துகளை ஆடி கடைசியில் மண் நனைந்ததும் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். சீத்தாவுக்குக் குழியை இப்போதே எடுத்து வெயிலில் ஆறப்போடுங்கள், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி போதும்.