நான்காவது ப்ராப்

அன்புள்ள சார்,

வணக்கம். பெர்த்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்து ஊர். ரக்பி லீக் பேச அலுவலகத்தில் எனக்கு மொத்தமே இரண்டு பேர்தான் உண்டு. 2027இல் பெர்த் பேர்ஸ் அணி தேசிய ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல்.லில் இறங்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததில் இருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

புது அணிகள் பற்றிய கட்டுரையில், 'முதலில் மோதி முன்னேறும் ஃபார்வர்டுகளை வாங்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 2023இல் புதிதாக வந்த டால்ஃபின்ஸ் அணி அதைத்தானே செய்தது? மெல்பர்னில் இருந்து மூன்று பேரை அழைத்து வந்தார்கள். மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள். முதல் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டுக் கடைசியில் 13ஆம் இடம். 2025 வரை ஒருமுறைகூட ஃபைனல்ஸ் என்ற இறுதிச் சுற்றுகளுக்குள் நுழையவில்லை. அந்தப் பணத்தில் ஆட்டத்தை நடத்துகிற ஒரு நல்ல ஹாஃப்பேக்கை வாங்கியிருந்தால் கதையே மாறியிருக்காதா?

இன்னொரு சந்தேகம். 'ஃபார்வர்ட் டெப்த் போதாது' என்று சீசனுக்கு முன்னால் எல்லா அணியைப் பற்றியும் யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

செந்தில்
பெர்த்

அன்புள்ள செந்தில்,

முதலில் ஒரு வாக்குமூலம். 2023 சீசன் தொடங்கும் முன் நண்பர்களிடம், டால்ஃபின்ஸ் கடைசி இடம் பிடித்து மரக்கரண்டி வாங்கப்போகிறார்கள் என்று நானே சொல்லித் திரிந்தேன். மார்ச் 5 அன்று பிரிஸ்பேன் லாங் பார்க்கில், 32,000க்கும் மேற்பட்ட கூட்டத்தின் நடுவே, சிட்னி ரூஸ்டர்ஸை 28-18 என்று அவர்கள் வீழ்த்தியபோது மைதானத்தில்தான் இருந்தேன். அடுத்து கான்பெர்ரா, அதற்கடுத்து நியூகாசில். மூன்றுக்கு மூன்று. அந்த வருடம் கரண்டி வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்குப் போனது. ஆகவே இந்த விஷயத்தில் என் ஜோசியத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

நீங்கள் சொன்ன கணக்கு சரி. 24 ஆட்டம், 9 வெற்றி. முதல் மூன்றைக் கழித்தால் மீதி 21இல் ஆறுதான். ஆனால் அதற்கு வயதைக் காரணம் சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

அவர்கள் என்ன நிலையில் ஆள் பிடித்தார்கள் என்று பாருங்கள். 17ஆவது அணியாக அனுமதி கிடைத்தது 2021 அக்டோபரில். 2022 முடிவில் ஒப்பந்தம் முடியும் ஆட்டக்காரர்களிடம் மற்ற அணிகள் பேசத் தொடங்கும் நாள் நவம்பர் 1. கையில் சில வாரம்தான். அதில் முப்பது பேர் கொண்ட முதன்மை அணிக்குத் திட்டம் போடவேண்டும். ஹாஃப்பேக்கையும் ஃபுல்பேக்கையும் அவர்கள் தேடாமல் இல்லை. கேமரன் மன்ஸ்டர், காலின் பொங்கா என்று பெரிய பெயர்களாகத்தான் அடிபட்டன. இருவருமே இருந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். புது அணிக்கு நட்சத்திரம் வருவது அவ்வளவு சுலபமில்லை. ஆடுகளம் எது, பக்கத்தில் நிற்கப்போகிறவன் யார் என்பதே தெரியாத இடத்துக்கு, உச்சத்தில் இருக்கும் ஆள் ஏன் வரவேண்டும்?

வருகிறவர் யார் என்றால், பழம் தின்று கொட்டை போட்டவர். கோப்பையெல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் இரண்டு மூன்று வருட ஆட்டம் மிச்சம் இருக்கிறது, பழைய அணி இனி நீண்ட ஒப்பந்தம் தராது. ஜெஸ்ஸி பிராம்விச் மெல்பர்ன் ஸ்டார்மோடு மூன்று பட்டம் வென்றவர். அவர் தம்பி கென்னிக்கும், குயின்ஸ்லாந்துக்காரரான ஃபெலிஸ் கஃபூசிக்கும் தலா இரண்டு. பயிற்சியாளர் வேய்ன் பென்னட்டுக்கு அப்போது வயது 73, ஏழு பட்டம் வென்ற மனிதர். இவர்கள் மூவரையும் அவர் அழைத்து வந்தது எண்பது நிமிடம் ஓடுவதற்கு மட்டுமல்ல என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சி எப்படி இருக்கவேண்டும் என்று இளைஞர்கள் யாரையாவது பார்த்துத்தானே கற்கவேண்டும்? அந்த வேலையை அவர்கள் செய்தார்கள். ஏப்ரலில் டைட்டன்ஸிடம் 26-0 என்று பின்தங்கி 28-26 என்று ஜெயித்த அணி அது. அந்த நெஞ்சுரம் எங்கிருந்தோ வந்திருக்கவேண்டும்.

சரி, அப்படியென்றால் ஏன் சரிந்தார்கள்? இங்கே உங்கள் இரண்டாவது கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

ஃபார்வர்ட் என்றால் ஆறு பேர். இரண்டு ப்ராப், ஒரு ஹூக்கர், இரண்டு செகண்ட் ரோ, ஒரு லாக். இதில் ஓரத்தில் ஆடும் செகண்ட் ரோக்காரர்கள் பெரும்பாலும் முழு நேரமும் நிற்பார்கள். தேய்வது நடுவில் நிற்கும் மூவர்தான், அதாவது ப்ராப்கள் இருவரும் லாக்கும். பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்தும் ஒவ்வொரு டாக்கிளுக்குப் பிறகும் பத்து மீட்டர் பின்னால் ஓடி, திரும்ப முன்னால் வந்து, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவனை நிறுத்தவேண்டும். 2020இல் வந்த 'சிக்ஸ் அகெய்ன்' விதி இதை இன்னும் கொடுமையாக்கியது. ஒரு அணிக்கு ஆறு டாக்கிள் வரைதான் பந்து. சின்னத் தவறுக்கு விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவதற்குப் பதிலாக, எதிரணிக்கு இன்னொரு ஆறு டாக்கிளை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். முன்பு பெனால்டி விழுந்தால் ப்ராப் முட்டியில் கை வைத்து நான்கு மூச்சு வாங்குவான். இப்போது அந்த மூச்சும் போயிற்று.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நடுவில் மூன்று இடம், ஆட்டம் 80 நிமிடம். மொத்தம் 240 நிமிட வேலை. ஆட்டத்தைத் தொடங்கும் இரண்டு ப்ராப்களும் தலா 50 நிமிடம், லாக் 60 நிமிடம் என்று தாராளமாகவே வைத்தாலும் 160தான் வருகிறது. மீதி 80 நிமிடம், அதாவது மூன்றில் ஒரு பங்கு, பெஞ்சில் இருந்து வருகிறவர்களுடையது. டால்ஃபின்ஸ் ஆடிய அந்த வருடம் பெஞ்சில் நான்கு பேர், எட்டு மாற்றம் அனுமதி. இருபத்தைந்தாவது நிமிடத்தில் இரண்டு பெரிய ப்ராப்களும் உட்கார்ந்ததும் உள்ளே வருகிறார்களே மூன்றாவது, நான்காவது ப்ராப்கள், ஆட்டம் பாதி அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் பெயரை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

கல்யாண வீட்டுச் சமையல்காரரை எடைபோட முதல் பந்தியில் உட்காரக்கூடாது என்பார் என் தாய்மாமா. மூன்றாம் பந்தியில் சாம்பார் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டுமாம். டெப்த் என்று வர்ணனையாளர்கள் சொல்வது அந்த மூன்றாம் பந்திச் சாம்பாரைத்தான்.

டால்ஃபின்ஸின் முதல் பந்தி அருமையாக இருந்தது. பிராம்விச் சகோதரர்கள், கஃபூசி, சவுத்ஸில் இருந்து மார்க் நிக்கல்ஸ், டைட்டன்ஸில் இருந்து ஜாரட் வாலஸ், வடக்கே கௌபாய்ஸில் இருந்து டாம் கில்பர்ட். அதன் பிறகு கஃபூசிக்குச் சில ஆட்டங்களுக்குத் தடை வந்தது. கில்பர்ட்டைக் குயின்ஸ்லாந்து, மாநிலங்களுக்கு இடையிலான ஆரிஜின் தொடருக்கு எடுத்தது. அடிலெய்டில் நடந்த முதல் ஆட்டத்திலேயே அவருக்குத் தோள் மூட்டு விலகி, அந்த சீசனே முடிந்துபோனது. ஜூன், ஜூலையில் இடைவெளிகளை அடைக்க ஆள் தேடியபோது கூடை பாதி காலி. ஆக, குறை முதல் ஆறு பேரில் இல்லை. பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது ஃபார்வர்டில் இருந்தது.

இதற்கு நேரெதிர்ப் பக்கத்தைப் பாருங்கள். யாரிடம் இருந்து அந்த மூவரை வாங்கினார்கள்? ஸ்டார்ம் அந்த ஒரே குளிர்கால முடிவில் பிராம்விச் சகோதரர்களையும் கஃபூசியையும் இழந்தது. போதாக்குறைக்கு ஹூக்கர், லாக் இரண்டும் ஆடும் பிராண்டன் ஸ்மித் ரூஸ்டர்ஸுக்குப் போனார். நான்குமே தேசிய அணி ஃபார்வர்டுகள். வேறு அணியாக இருந்தால் படுத்திருக்கும். ஸ்டார்ம் 2022இல் ஐந்தாவது இடம், அவர்கள் போன பிறகு 2023இல் மூன்றாவது இடம்! பெரிய விலைக்கு யாரையும் வாங்கிவிடவில்லை. வாரியர்ஸில் இருந்து எலியேசா கட்டோவாவைக் கொண்டுவந்தார்கள். மற்றபடி டிரென்ட் லொய்யேரோ, அதற்கு முந்தைய வருடம் நியூகாசிலில் இருந்து வந்து சேர்ந்த ஜாஷ் கிங் போன்றவர்கள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தார்கள். காயத்தில் இருந்து கிறிஸ்டியன் வெல்ச் திரும்பினார். கையிருப்பு என்றால் அது. விற்பனைக்கு வந்தவனை வாங்குவதைவிட, அவன் போகப்போகிறான் என்று இரண்டு வருடம் முன்பே தெரிந்து அடுத்தவனைப் பழக்கி வைப்பது.

புது அணியால் அதைச் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். பழக்கிவைக்க 'முன்பு' என்று ஒன்று அதற்குக் கிடையாது.

டால்ஃபின்ஸுக்காவது ரெட்கிளிஃப் இருந்தது. 1947இல் தொடங்கிய கிளப், ஆர்தர் பீட்சன் ஆடிய ஊர், 2018இல் குயின்ஸ்லாந்து கோப்பை வென்ற அணி. உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள், ஆனால் பென்னட் கொஞ்சம் விலைகொடுத்துத்தான் பார்த்தார். மேக்ஸ் பிளாத் அவரிடம்தான் அறிமுகமானார். மேக்ஸின் அப்பா ஜான் பிளாத், பென்னட்டின் பழைய பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணியில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தே வந்து நான்கு பட்டம் வென்றவர். பெஞ்சுக்காரரின் மகனை அதே பயிற்சியாளர் வளர்த்துவிட்டார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. (இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்கிறேன் என்று வீட்டில் புகார் உண்டு.)

நீங்கள் 2025 வரை இழுத்திருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2024க்கு பிராங்கோஸில் இருந்து டாம் ஃபிளெக்லரை வாங்கினார்கள், நல்ல வயது, குயின்ஸ்லாந்து ப்ராப். சில வாரத்திலேயே தோள் நரம்பில் காயம், அந்த சீசன் மிச்சம் முழுக்க ஆடவில்லை. கில்பர்ட்டுக்கோ சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. இருந்தும் கடைசி வாரம் வரை ஃபைனல்ஸ் வாய்ப்பைக் கையில் வைத்திருந்து, நியூகாசிலிடம் 14-6 என்று விட்டார்கள். இளசாக வாங்கினாலும் உடம்பு உடம்புதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன். வயதானவர்களை வாங்கியது தப்பு என்றால், 2024இல் எல்லாம் சரியாகியிருக்கவேண்டுமே?

இப்போது உங்கள் ஏழாம் நம்பர், அதாவது ஹாஃப்பேக். 2023இல் சம்பள உச்சவரம்பு 12.1 மில்லியன் டாலர். ஒரு ஹாஃப்பேக்குக்கு ஒரு மில்லியன் கொடுத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரே ஆளிடம் போய்விடும். அதைக் கொடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் பந்து அவன் கைக்கு எந்த வேகத்தில் வருகிறது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. நான்காவது ப்ராப் பாதிக்கோட்டுக்கு முன்னாலேயே மல்லாக்க விழுந்தால், ஐந்தாவது டாக்கிளில் உங்கள் மில்லியன் டாலர் ஆள் தன் நாற்பது மீட்டர் கோட்டில் நின்று உதைத்துத் தள்ளுவான், அவ்வளவுதான். மலிவு விலைச் சரக்கு எங்கே கிடைக்கும் என்றால் ஓரத்தில். டைட்டன்ஸில் இருந்து டால்ஃபின்ஸுக்கு வந்த விங்கர் ஜமேய்ன் ஐசாகோ, 2023இல் முழு லீக்கிலும் அதிக டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுவது), அதிக புள்ளி இரண்டையும் எடுத்தார்.

உங்கள் ஊருக்கு ரெட்கிளிஃப் கிடையாது. 1995இல் இருந்து 97 வரை இருந்த வெஸ்டர்ன் ரெட்ஸ் விட்டுச்சென்றது நினைவுகளை மட்டும்தான். பேர்ஸ் பெயரோடு வருவதால் பழைய நார்த் சிட்னி பேர்ஸ் கிளப்பின் இளைஞர் வரிசை துணைக்கு இருக்கும், ஆனால் அது நாட்டின் மறுகரை. 2028இல் வரப்போகும் பப்புவா நியூ கினி அணியோ வரியில்லாச் சம்பளத்தைக் காட்டி அதே ஆட்களைக் கூப்பிடும். ஆகவே என் பழைய வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். உங்கள் பயிற்சியாளர் மால் மெனிங்கா இரண்டு பெரிய ப்ராப்களை வாங்குவதோடு நின்றால் போதாது. வேறு அணிகளில் களமிறங்கும் பதினேழு பேருக்கு வெளியே, 18ஆவது, 19ஆவது ஆளாகக் காத்திருக்கும் இருபத்துமூன்று வயதுக்காரர்கள் ஐந்தாறு பேரை, பத்திரிகையில் யாரும் எழுதாத விலைக்கு, முதலிலேயே கட்டிப்போடவேண்டும். பழம் தின்றவர்கள் இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். இதில் நான் டால்ஃபின்ஸ் பக்கம் இல்லை, உங்கள் பக்கம்தான்.

வீட்டில் இருந்து எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். என் பக்கத்துவீட்டுக்காரர் உள்ளூர் கிளப்பில் பத்து வருடம் ப்ராப்பாக ஆடியவர், காது இரண்டும் முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி இருக்கும். அவர் பந்தைப் பார்க்கமாட்டார். முப்பதாவது நிமிடத்துக்கு மேல் தற்காப்பு வரிசையை மட்டும் பார்ப்பார். யார் பத்து மீட்டர் பின்னால் போகாமல் ஏழிலேயே நின்றுவிடுகிறார்கள், யார் கை இடுப்பில் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுவார். மூன்று பேர் ஆனதும் 'இதோ விழப்போகிறது டிரை' என்பார். பெரும்பாலும் விழும்.

அப்புறம், பிப்ரவரியில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில் இடைவேளைக்குப் பிறகு நட்சத்திரங்கள் குளித்துவிட்டுச் செருப்போடு வந்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முதுகில் 21, 24, 26 என்று போட்டவர்கள் உள்ளே வருவார்கள். அப்போதுதான் எல்லோரும் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். நீங்கள் போகாதீர்கள், தட்டை முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள்.