மெழுகில் வெப்பத்தைச் சேமிக்கும்போது உலோக நுரை (மெல்லிய உலோக இழைகளால் ஆன, கடற்பஞ்சுபோலத் துளைகள் நிறைந்த பொருள்) சேர்த்தால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. ஆனால் எந்த வேலைக்காகச் சேர்க்கிறோம் என்று யோசிக்காமல் சேர்த்தால் செலவும் எடையும்தான் கூடும். சோதனைக்கூடத்தில் மெழுகோடும் நுரையோடும் சில ஆண்டுகள் மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு கிலோ தண்ணீரை 10 டிகிரி சூடாக்கினால் அதில் சேர்வது 42 கிலோஜூல். ஒரு கிலோ பாரஃபின் மெழுகு உருகும்போது, வெப்பநிலை அதிகம் மாறாமலேயே, சுமார் 200 கிலோஜூலை உள்வாங்கிக்கொள்கிறது. உறையும்போது திருப்பித் தருகிறது. குறை என்னவென்றால், மெழுகு வெப்பத்தைக் கடத்தவே தயங்கும். அதன் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர் கெல்வினுக்கு 0.2 வாட் அளவுதான். தாமிரத்துக்கு 400.

பலரும் உருகும் நேரத்தை மட்டும் அளந்து திருப்தி அடைந்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் செய்தேன், அது தவறு. உருகும்போது திரவ மெழுகு தானே மேலெழுந்து சுழல்வதால், அந்த வெப்பச்சலனம் பாதி வேலையைப் பார்த்துவிடுகிறது. நுரையின் இழைகள் அந்தச் சுழற்சியைத் தடுக்கவும் செய்யும். உறையும்போது கதை வேறு. வெப்பத்தை வெளியே எடுத்துச்செல்லும் குளிர்ந்த குழாயின்மேல் படியும் திட மெழுகு, கம்பளி போர்த்தியதுபோல உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடாது. அந்தப் படலம் இரு மடங்கு தடிப்பாக ஏறத்தாழ நான்கு மடங்கு நேரமாகும். சேமித்த வெப்பத்தைத் திரும்ப எடுக்கும் இந்த இடத்தில்தான் நுரை தன் முழுப் பயனைக் காட்டுகிறது.

ஒரு தோராயக் கணக்கு. 95 சதவீதம் துளைகளாகவே உள்ள தாமிர நுரையில் உலோகம் 5 சதவீதம். இழைகள் எல்லாத் திசைகளிலும் ஓடுவதால், ஒரு திசையில் கடத்த உதவுவது அதில் மூன்றில் ஒரு பங்கு: 400 × 0.05 ÷ 3, அதாவது 7-க்குச் சற்றுக் குறைவு. மெழுகைப்போல முப்பது மடங்குக்கு மேல்! இழப்பது கொள்ளளவில் 5 சதவீதம் மட்டுமே. ஆனால் எடை போட்டுப் பாருங்கள்: மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாமிரமாகிவிடும். அலுமினியம் என்றால் கடத்துத்திறன் 4 அளவுக்குத்தான் உயரும், ஆனால் எடையில் அதன் பங்கு சுமார் 14 சதவீதம். நான் அலுமினியத்தையே தேர்ந்தெடுப்பேன். மெழுகுக்குப் பதில் உப்பு ஹைட்ரேட் (படிகத்துக்குள் நீரைக் கொண்ட உப்பு) வைத்தால் மட்டும் அரிப்பைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

துளை எவ்வளவு நுண்ணியது என்பதைவிட, எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதே கடத்தலைத் தீர்மானிக்கிறது.

என்னை அதிகம் அலைக்கழித்தது நுரையும் சுவரும் சேரும் இடம். அளவெடுத்து வெட்டி, கலனுக்குள் அழுத்திப் பொருத்தினேன். பலன் ஏமாற்றமாக இருந்தது. சுவருக்கும் இழை நுனிகளுக்கும் இடையே மெல்லிய மெழுகுப் படலம் புகுந்து வழியை அடைத்திருந்தது. நுரையைச் சுவரோடு பற்றவைத்த பிறகுதான் கணக்கில் வந்த வேகம் கையில் கிடைத்தது. மெழுகை ஊற்றும்போது காற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் துளைகளில் குமிழிகள் தங்கிவிடும். உருகும்போது மெழுகு 10 சதவீதத்துக்கு மேலும் விரியக்கூடும் என்பதால் கலனின் மேற்பகுதியில் இடம் விடுங்கள்.

நுரை வாங்குவதற்கு முன், குழாயிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் மெழுகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஓரிரு சென்டிமீட்டர்தான் என்றால், குழாயில் பற்றவைத்த சாதாரண உலோகத் தகடுகளே போதுமானதாக இருக்கலாம்.