வாசகர் கேள்வி பதில்: ஒரே ஜெபத்தை எத்தனை தடவை கேட்பது?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம்ங்க. வீட்டுக்காரர் குடியை விடணும்னு கல்யாணமான புதுசிலிருந்து ஜெபிக்கிறேன். தறி ஓட்டும்போது நூல் அறுந்தால் நிறுத்தி முடி போடுவேன், அப்போதுகூட உதடு அதையேதான் முணுமுணுக்கும். போன மாதம் உபவாசக் கூட்டத்தில் பேசியவர், "ஒரு தடவை கேட்டால் போதும், அப்புறம் நன்றி மட்டும்தான் சொல்லணும், திரும்பத் திரும்பக் கேட்கிறது அவிசுவாசம்" என்றார். அன்றிலிருந்து வாய் திறக்கவே பயமாக இருக்குதுங்க.
(ஒரு சகோதரி, சோமனூர்)

பதில்: பயப்படாமல் கேளுங்கள் அம்மா. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்று தடவை தனியே போய் ஜெபித்தார், மூன்றாம் தடவையும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மத்தேயு 26:44-இல் இருக்கிறது. அவருக்கே விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? அந்தப் பிரசங்கியார் "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்ற வசனத்தை மனதில் வைத்துப் பேசியிருக்கலாம். அங்கே கண்டிக்கப்படுவது, நிறையப் பேசினால்தான் கடவுள் கேட்பார் என்கிற நினைப்பு. தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒரே வரியை முணுமுணுக்கிறவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமையில், நியாயம் கேட்டு நியாயாதிபதியிடம் நடக்கும் விதவையைப் பாருங்கள். கைக்கூலி கொடுக்கக் காசு இல்லை, பேச ஆள் இல்லை, நியாயாதிபதியோ தேவனுக்கும் பயப்படாதவன், மனுஷரையும் மதிக்காதவன். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று, நாளைக்கும் வருவாள். பட்டா மாறுதலுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கியவர்களுக்கு இந்த உவமைக்கு விளக்கவுரை தேவைப்படாது. ஆனால் கடவுளும் அந்த நியாயாதிபதியைப் போல நச்சரித்தால்தான் இறங்குவார் என்று அர்த்தம் எடுத்துவிடக் கூடாது. இப்படிப்பட்ட ஆளே கடைசியில் நியாயம் செய்கிறான் என்றால், உங்கள் பிதா செய்யமாட்டாரா என்பதுதான் இயேசு கேட்கிற கேள்வி. திரும்பப் போய் நிற்பதில் ஒரு தாழ்மையும் இருக்கிறது. எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று ஒத்துக்கொண்டவர்தான் மறுநாளும் போவார்.

மோனிக்கா அம்மாளின் கதையை அவர் மகன், பிற்காலத்தில் ஆயரான அகஸ்டீனே எழுதி வைத்திருக்கிறார். மகன் வழி தவறித் திரிந்த காலமெல்லாம் அழுது ஜெபித்த தாய். 383-இல் மகன் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து ரோமுக்குக் கப்பலேறப் பார்த்தபோது, தாய் போகவிடாதேயும் ஆண்டவரே என்று ராத்திரி முழுக்கக் கடற்கரைப் பக்கத்து ஜெபாலயத்தில் கிடந்தார். விடிந்து பார்த்தால் கப்பல் போய்விட்டது, அதுவும் தாயிடம் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் மகன். அன்றைக்குக் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அந்த இத்தாலியில்தான் மிலான் ஆயர் அம்புரோசின் பிரசங்கத்தைக் கேட்டார், 387 ஈஸ்டரில் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். அதே வருடம் மோனிக்கா கண் மூடினார். இதைச் சொல்வதால் உங்கள் வீட்டிலும் இப்படியே முடியும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, அந்த மாதிரி வாக்குக் கொடுக்கிறவர்களை நம்பவும் வேண்டாம்.

இன்னொன்று, இது முக்கியம். ரொம்ப நாளாகத் தினமும் நிறையக் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், சில சமயம் உயிருக்கே ஆபத்து. உபவாசக் கூட்டத்தில் "இன்றைக்கே விடு" என்று சத்தியம் வாங்கிவிட்டு வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். கோவை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது, முதலில் நீங்கள் மட்டும் போய்க்கூட விசாரிக்கலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுங்கள். வீட்டுக்காரர் அடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடித்தால் சகித்துக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, அம்மா வீடும் இருக்கிறது.

கேள்வி: பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். வாலிபர் கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, மற்றவர்கள் மடமடவென்று ஜெபிக்கிறார்கள். எனக்கு அந்த வரமே இல்லையா அண்ணா?
(ஒரு தம்பி, திருப்பூர்)

பதில்: மடமடவென்று ஜெபிப்பது பழக்கம் தம்பி, அதை வரம் என்று நினைத்து ஏங்க வேண்டாம். பிள்ளை வரம் கேட்டு ஆலயத்தில் அன்னாள் ஜெபித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார், பெரிய ஆசாரியர்! இயேசு சொன்ன உவமையில், வரி வசூலிக்கிற ஆயக்காரன் செய்த ஜெபம் நாலே வார்த்தை: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அதுவும் வரவில்லை என்றால் 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து படியுங்கள், ஆறே வசனம்தான், "எதுவரைக்கும்" என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கிறது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது போதும். கண்ணை மூடினால் தூங்கிவிடுவீர்கள், திறந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு பெரியவர் அரை மணி நேரம் ஜெபிக்கிறார். அதற்குள் ஊரார் குற்றமெல்லாம் வந்துவிடுகிறது. என்ன செய்வது?
(ஒரு வாசகர், கோபி)

பதில்: உங்கள் ஆயரிடம் சொல்லித் தனியாகப் பேசச் சொல்லுங்கள், கூட்டத்தில் வேண்டாம். "அந்தப் பெரியவரைப் போல நான் இல்லை, ஸ்தோத்திரம்" என்று உங்களுக்கு ஒரு நினைப்பு வந்தால் மட்டும் உஷார், ஆயக்காரனைப் பார்த்து அப்படியே ஜெபித்த பரிசேயன் பக்கத்தில் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது.

கேள்வி: அப்பா காலத்துத் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டோம். கூலி கட்டுப்படியாகவில்லை, கடன் நிற்கிறது. "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்று எல்லாரும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். படித்தால் எரிச்சல்தான் வருகிறது. நம்பிக்கை என்பது இதுதானா?
(ஒரு வாசகர், பல்லடம்)

பதில்: எரிச்சல் வருவது நியாயம். எல்லாம் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிற அது, ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரத்தில், கடைசிப் பக்கத்தில் வருகிற வசனம். அதை அனுப்புகிறவர்கள் முதல் அதிகாரத்தை அனுப்புவதே இல்லை. அங்கே அதே மனுஷர், நான் எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்று நேருக்கு நேர் சண்டை பிடிக்கிறார். பதில் வருகிறது, அது இன்னும் மோசமாக இருக்கிறது, பாபிலோன்காரரான கல்தேயர் படையெடுத்து வருவார்கள் என்று. அவர் திரும்பவும் கேட்கிறார், காவல்கோபுரத்தில் ஏறிப் பதிலுக்காகக் காத்து நிற்கிறார். இவ்வளவுக்கும் பிறகுதான் அத்திமரம். நீங்கள் இப்போது முதல் அதிகாரத்தில் இருக்கிறீர்கள், அங்கேயிருந்தே பேசுங்கள், மூன்றாம் அதிகாரத்து வார்த்தையைக் கடன் வாங்கி நடிக்க வேண்டாம். அப்போஸ்தலர் பவுலும் தன்னை வாட்டிய வேதனையை, அவர் "முள்" என்று சொன்னதை, எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் கேட்டார், "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது, முள் போனதாக எழுதவில்லை. தறி திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது.

ராத்திரி தூக்கம் வராமல் வட்டிக் கணக்கு போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கையே ரூபாய் பைசாவோடு அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் காலையில் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய், தவணையை நீட்டித் தர முடியுமா என்று மேனேஜரிடம் கேளுங்கள். முடியாது என்றால் அடுத்த வாரமும் போங்கள்.