மகளின் கணக்கு மூளையை வீணாக்காதீர்கள்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. அப்பாவை நுரையீரல் புற்றுநோயில் இழந்த நீங்கள், மகளை டாக்டராகப் பார்க்க ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் வீட்டை அடகு வைத்தாவது மருத்துவ சீட் வாங்கச் சொல்கிறாரே உங்கள் அண்ணன், அதற்கு நான் உடன்பட மாட்டேன். கடனை அடைக்கப்போவது அவர் இல்லை. நோயாளிகளோடு பேசவே கூச்சப்படுகிறவள், எண்கள் என்றால் சாப்பாட்டை மறக்கிறவள் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?

நர்சிங், பார்மசி பற்றியெல்லாம் உறவினர்களே சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வருவது உயிரிப் புள்ளியியல், அதாவது மருத்துவத் தரவுகளைக் கணக்கு வைத்து ஆராயும் துறை.

ஒரே ஸ்டேஜில் இருக்கும் இரண்டு நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒருவர் பல ஆண்டுகள் வாழ்கிறார், இன்னொருவர் சில மாதங்களில் போய்விடுகிறார். கட்டிக்குள் எந்தெந்த நோய் எதிர்ப்புச் செல்கள் புகுந்திருக்கின்றன என்பதும் இதற்கு ஒரு காரணம். கட்டியில் சிடி8ஏ என்ற ஜீன் அதிகமாக வெளிப்பட்டால், அதாவது இயங்கினால், புற்றுச் செல்லைக் கொல்லும் டி செல்கள் உள்ளே வந்திருக்கின்றன என்று ஊகிக்கலாம். ஃபாக்ஸ்பி3 என்ற ஜீனும் தெரிந்தால், அவற்றை அடக்கி வைக்கும் ரகமும் கூடவே இருக்கலாம். 2015-ல் வெளிவந்த சைபர்சார்ட் என்ற கணக்குமுறை, கட்டியின் மொத்த ஜீன் வெளிப்பாட்டு அளவுகளை வைத்தே 22 வகைச் செல்களின் விகிதத்தை மதிப்பிடுகிறது.

அப்புறம்தான் புள்ளியியல் படித்தவரின் வேலை. இந்த விகிதங்களுக்கும் நோயாளிகள் வாழ்ந்த காலத்துக்கும் தொடர்பு உண்டா? 1972-ல் புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் தந்த முறையில், வயது, புகைப்பழக்கம், ஸ்டேஜ் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நிற்கிறதா? 20,000 ஜீன்களை வழக்கமான 5 சதவீத வரம்பில் (தற்செயலாகத் தவறான தொடர்பு தெரிய 5 சதவீத வாய்ப்பை ஏற்கும் வரம்பு) சோதித்தால், உண்மையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சுமார் 1,000 ஜீன்கள் முக்கியமானவைபோலத் தெரியும். அதை நம்பாமல், வேறொரு நோயாளிக் குழுவிலும் சரிபார்க்கச் சொல்லும் சந்தேக புத்தி இந்த வேலைக்கு வேண்டும். உங்கள் மகளிடம் அது இருக்கிறது; உங்கள் அண்ணன் அதற்கு வாயாடித்தனம் என்று பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இளநிலையில் புள்ளியியலோ கணினி அறிவியலோ போதும். பளபளப்பான பெயர் கொண்ட படிப்புக்குக் கூடுதல் கட்டணம் கட்டாதீர்கள். நல்ல வேலைக்கு முதுநிலை அவசியம், ஆய்வுக்கு முனைவர் பட்டமும் வேண்டும். வருமானம் வரக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

சேர்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். புள்ளியியலுக்கான ஆர் என்ற கணினி மொழி இலவசம். டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் ஜீன் ஆய்வுத் திட்டத்தின் நுரையீரல் புற்றுநோய்த் தரவுகளில் பெரும்பகுதியும், பெயர் விவரம் நீக்கப்பட்டு, இலவசமாகவே கிடைக்கின்றன. காலம் செல்லச் செல்ல எத்தனை நோயாளிகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் காப்லான்-மேயர் வரைகோடு ஒன்றை விடுமுறையில் அவளே போட்டுப் பார்க்கட்டும். சலிப்பாக இருக்கிறது என்றால் வற்புறுத்த வேண்டாம், எனக்கு எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.