இடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பி: என் வலி வெறும் கற்பனையா?

கேள்வி: வயது 42. இரண்டு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. மனசு சரியில்லாத நாட்களில் வலி தாங்க முடிவதில்லை. பழுக்கக் காய்ச்சிய கம்பியை இடுப்பில் சொருகி வைத்திருப்பது போலவே கண்முன் தெரிகிறது. ‘எல்லாம் உன் கற்பனை’ என்கிறார்கள் வீட்டில். என் வலி பொய்யா?

பதில்: பொய்யே இல்லை. ஸ்கேன் எலும்பைக் காட்டும், ஜவ்வைக் காட்டும், வலியைக் காட்டாது. வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ‘வாயில்’ இருப்பதாக 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதன் நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டன. ஆனால், மூளையிலிருந்து இறங்கிவரும் நரம்புகள் வலியைத் தணிக்கவும் செய்யும், தூண்டவும் செய்யும் என்பது இன்று உறுதியான விஷயம். பயமும் சோர்வும் தூக்கமின்மையும் தூண்டிவிடும் பக்கம். மனம் லேசான நாளில் அதே இடுப்பு குறைவாக வலிப்பது இதனால்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கம்பி. நாள்பட்ட வலி உள்ள பலருக்கும் இப்படி ஏதோ ஒரு காட்சி வரும். கூச்சப்பட்டு டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. கம்பி தெரிந்ததுமே தசை இறுகும், மூச்சு மேலோட்டமாகும், அசையவே பயம் வரும். வலி இன்னும் ஏறும். அதை விரட்டப் பார்க்காதீர்கள், விரட்ட விரட்டத்தான் வரும். மாற்றிப் பாருங்கள்.

வலி மிதமாக இருக்கும் வேளையில் படுத்துக்கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். கம்பி எவ்வளவு தடிமன், எந்த இடத்தில் சிவப்பு அதிகம் என்று பாருங்கள். வெளிவிடும் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சிவப்பு மங்கிக் கருக்கட்டும். சூடு ஆறட்டும். அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வெளியே வரட்டும். தினமும் பத்து நிமிடம் போதும். கடற்கரை, அருவி என்று யாரோ சொல்லித்தரும் காட்சியைவிட, உங்கள் மனதில் ஏற்கெனவே இருக்கும் காட்சியை மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. செய்யும்போது பயம் கூடினால் நிறுத்திவிட்டு, மனநல ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள்.

வலி அடியோடு போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். பலருக்கு வலி இருக்கும், ஆனால் அது படுத்தும் பாடு குறையும். அதுவே பெரிய விஷயம். நடைப்பயிற்சி, பிசியோதெரபி, மருந்து எதையும் நிறுத்த வேண்டாம். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வலி, மனச்சோர்வு இரண்டுக்குமே உதவும் மாத்திரைகள் உண்டு. கால் பலவீனமானாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.