குருதேவ் என்று அழைக்கப்பட்ட தளபதி

கேள்வி: என் மகன் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி முடித்து, டாங்கிப் படையில் லெப்டினன்டாகச் சேர்ந்திருக்கிறான். பெண் பார்க்கலாமா என்று கேட்டால், ஹனுத் சிங் என்ற தளபதியைப் போலத் தானும் மணமின்றியே வாழப்போவதாகச் சொல்கிறான். அவர் யார்? தெய்வ பக்தியும் குடும்பமும் ராணுவச் சேவையோடு ஒத்துப்போகாதவையா? (வாசகி, வேலூர் மாவட்டம்)

பதில்: உங்கள் மகன் உயர்ந்த ஒருவரைத்தான் முன்மாதிரியாகக் கொண்டிருக்கிறார். ராஜஸ்தானின் பார்மேர் பகுதியைச் சேர்ந்த ஜசோலில் 1933இல் பிறந்த லெப்டினன்ட் ஜெனரல் ஹனுத் சிங், 1952இல் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படை ரெஜிமென்டில் சேர்ந்து, 1991இல் ஓய்வு பெற்றார். தியானத்தை அன்றாடக் கடமையாகவே கைக்கொண்டிருந்த அவரைப் படையில் ‘குருதேவ்’ என்றே அழைத்தார்கள். ஓய்வுக்குப் பின் டேராடூனில் ஆன்மிக வாழ்வில் ஆழ்ந்து, 2015இல் அங்கேயே மறைந்தார்.

அந்தப் பக்தி அவரைப் போர்க்களத்தில் தளர்த்திவிடவில்லை. 1971 டிசம்பரில் நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றுக்கு அப்பால் நம் காலாட்படையை எதிரி டாங்கிகள் நெருங்கியபோது, கண்ணிவெடிகள் முழுவதும் அகற்றப்படாத நிலத்தின் வழியே இரவோடு இரவாகத் தம் செஞ்சூரியன் டாங்கிகளை நடத்திச் சென்றவர் அவர். மறுநாள், எந்த டாங்கியும் நின்ற இடத்தை விட்டுப் பின்வாங்கக் கூடாது என்று ஆணையிட்டு, அதே களத்தில் தாமும் நின்றார். அந்தப் போருக்காக அவருக்குப் போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. பக்தி ராணுவத்துக்குப் புதியதும் அன்று. வழிபாட்டை நடத்துவதற்கென்றே சமய ஆசிரியர்கள் அங்கே நியமிக்கப்படுகிறார்கள், எந்த மதத்தில் பிறந்த அதிகாரியாக இருந்தாலும் தம் வீரர்களின் வழிபாட்டில் அவர்களோடு கலந்துகொள்வதே மரபு.

திருமண விஷயத்தில் மட்டும் நான் உங்கள் மகனோடு உடன்படவில்லை. குடும்பப் பொறுப்பு அதிகாரியின் கவனத்தைப் பங்கு போட்டுவிடும் என்பது ஹனுத் சிங்கின் கருத்து; அவரைப் பின்பற்றி மணம் செய்யாதிருந்த இளம் அதிகாரிகளும் உண்டு. ஆயினும் அவரே ராணுவ அதிகாரி ஒருவரின் மகன்தான். அவருடைய தலைமையில் பசந்தரில் உயிர்நீத்து, போர்க்கால வீரத்துக்கான மிக உயரிய விருதான பரம்வீர் சக்ரா பெற்ற, இருபத்தொரு வயதே ஆன அருண் கேத்ரபாலும் தலைமுறை தலைமுறையாகப் படையில் சேவை செய்த வீட்டுப் பிள்ளைதான். டாங்கி தீப்பற்றிய நிலையில் வெளியேறுமாறு வந்த உத்தரவுக்கு, பீரங்கி இன்னும் இயங்குகிறது என்று பதில் சொல்லிவிட்டு, ஏறத்தாழ நூறு மீட்டர் தொலைவுக்கு வந்துவிட்ட எதிரி டாங்கியையும் அவர் சுட்டு வீழ்த்தினார். அந்த உறுதியில் அவரை வளர்த்த வீட்டுக்கும் பங்குண்டு என்றே நான் நம்புகிறேன். 2001இல் அவருடைய தந்தை, பிரிகேடியர் எம். எல். கேத்ரபால், தாம் பிறந்த சர்கோதாவைக் காணப் பாகிஸ்தான் சென்றபோது, அவரை லாகூரில் தம் வீட்டில் தங்க வைத்து உபசரித்த பாகிஸ்தான் ராணுவ பிரிகேடியர் நாசர், அருணின் டாங்கியை வீழ்த்தியவன் தானே என்று அவரிடமே சொன்னார். மகனைப் பறிகொடுத்த அந்தத் தந்தை அதைப் பொறுமையோடு கேட்டுக்கொண்டார். சேவையும் குடும்பமும் ஒரே மனிதரிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்க முடியும் என்பதை உங்கள் மகனுக்கு எடுத்துச் சொல்ல இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதைக்கு ஜாதகத்தைக் கையில் எடுக்காதீர்கள். டாங்கிப் படையின் இளம் அதிகாரிகள் அகில்யாநகரில் (முன்பு அகமதுநகர்) தொழிற்பயிற்சி பெற்று, தம் வீரர்களோடு பழகிக் களத்தைக் கற்றுக்கொள்ளும் ஆரம்ப வருடங்கள் இவை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கேளுங்கள். அப்போதும் அவர் மனம் மாறாதிருந்தால், உங்கள் விருப்பத்துக்காக ஒரு பெண்ணை அந்த வாழ்வுக்குள் கொண்டுவந்து, அவளையும் மகனையும் வருத்த வேண்டாம்.