கலை, வடிவமைப்பின் அடிப்படைக் கோட்பாடுகள் என்னென்ன? வரையத் தெரியாதவர் கற்றுக்கொள்ள முடியுமா?

எனக்கு ஒரு காக்காயைக்கூட ஒழுங்காக வரைய வராது. ஆனால் பதினாறு வருடமாகக் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஃபிளெக்ஸ் என்று வடிவமைத்துத்தான் சாப்பிடுகிறேன். ஆகவே உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு என் பதில்: தாராளமாக முடியும்.

முதல் பாதிக்கு வருகிறேன். சமநிலை, மாறுபாடு, அழுத்தம், விகிதம், தாளம், ஒருமை, அருகாமை என்று பாடப் புத்தகங்களில் ஒரு பட்டியல் இருக்கும். ஒருவர் ஏழு என்பார், இன்னொருவர் பன்னிரண்டு என்பார். டிடிபி வகுப்பில் (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும் படிப்பு) நானும் அதை மனப்பாடம் செய்தேன், பரீட்சையோடு மறந்தும் போனேன். அதில் ஒன்று மண்டையில் ஏறியது, ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை நான் கெடுத்த பிறகுதான்.

வரவேற்பு முதல் நாள் மாலை, ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் மறுநாள் காலை, ஒரு கோயிலில். அட்டையில் மேலே வரவேற்பு விவரம், கீழே முகூர்த்த விவரம். மண்டபத்தின் பெயரை இரண்டுக்கும் சரியாக நடுவில் வைத்தேன். மேலே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவேதான் கீழேயும். கோயில் பெயர் கடைசி வரியில் சின்னதாக இருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ப்ரூஃப் பார்க்க வந்த பெண்ணின் அப்பா, தாத்தா பெயரில் ஒரு கால் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார், மற்றதெல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டார். முகூர்த்தத்தன்று விடியற்காலை ஒரு வேன் நிறைய வெளியூர்ச் சொந்தக்காரர்கள் மண்டபத்து வாசலில் போய் இறங்கியிருக்கிறார்கள். அங்கே வாசலில் கட்டிய வாழை மரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்தான் கோயிலுக்கு வழி சொல்லி அனுப்பினாராம்.

மண்டபத்தின் பெயர் இருந்த அந்த ஒரு வரியை ஐந்து மில்லிமீட்டர் மேலே ஏற்றியிருந்தால் போதும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கண் ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளும், எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்பே. ஜெர்மனியில் கெஸ்டால்ட் உளவியலாளர் (தனித்தனியானவற்றை மனம் எப்படி ஒரு முழுமையாகச் சேர்த்துப் பார்க்கிறது என்று ஆராய்பவர்) மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1923இல் எழுதிய கட்டுரையில், வெறும் புள்ளிகளைத் தள்ளியும் நெருக்கியும் வைத்தே இதைக் காட்டியிருக்கிறார். அருகாமை என்று இதற்குப் பெயர். பட்டியலில் எனக்கு முதலாவது இதுதான். பல புத்தகங்களில் இது கடைசியில் கிடக்கும்.

அடுத்தது அழுத்தம். அதாவது, முதலில் எது கண்ணில் பட வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "எல்லாத்தையும் கொஞ்சம் பெருசா போடுங்க." எல்லாம் பெரிதானால் எதுவுமே பெரிதில்லை என்று புரியவைப்பதற்குள் டீ ஆறிவிடும். தமிழில் இந்த வேலை இன்னும் கஷ்டம். ஆங்கிலத்தில் கேபிடல் எழுத்துப் போட்டால் பாதி வேலை முடிந்தது. நமக்கு அது கிடையாது. சாய்த்தெழுதலாம் என்றால், தமிழைச் சாய்க்கும்போது யாரோ எழுத்தைப் பிடித்துத் தள்ளிய மாதிரி இருக்கும். மிச்சம் இருப்பது அளவு, தடிமன், நிறம், சுற்றிலும் விடுகிற வெற்றிடம். இவற்றில் வெற்றிடத்துக்குக் காசு செலவில்லை, ஆனால் அதற்குத்தான் வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். "இங்க காலியா இருக்கே, ஒரு பிள்ளையார் போடுங்களேன்."

வரிகளுக்கு நடுவிலும் அப்படித்தான். அச்சுக்கோக்கும் காலத்தில் வரிகளுக்கு இடையே ஈயத் தகடு செருகுவார்கள். வரி இடைவெளிக்கு ஆங்கிலத்தில் லீடிங் என்ற பெயர் அந்த ஈயத்திலிருந்து (lead) வந்தது. ஆங்கிலத்துக்கென்று மென்பொருள் தானாக வைக்கும் இடைவெளி நமக்குப் போதாது. நமக்குக் கி, கீ மேலே சுழிக்கும், கூ, ழூ கீழே தொங்கும். மேல்வரியின் காலும் கீழ்வரியின் கொண்டையும் உரசிக்கொள்ளும். பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய நோட்டீஸ் ஏதாவது கிடைத்தால் எடுத்துப் பாருங்கள்.

மாறுபாட்டைப் பொறுத்தவரை பெரும்பாலோர் நிறத்தைப் பார்க்கிறார்கள், வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறம்தானே என்று பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்துப் போடுவார்கள். இரண்டும் ஒரே அளவு அடர்த்தி என்றால் எழுத்து கண்ணில் கூசும், படிக்க முடியாது. போனில் ஒரு படம் எடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதில் எழுத்து காணாமல் போனால் நிறத்தை மாற்றியே ஆக வேண்டும். அரக்குப் புடவைக்கு மாம்பழ மஞ்சள் கரை அந்தச் சோதனையில் ஜம்மென்று தேறும்.

சமநிலை என்றதும் மடித்தால் ஒட்டிக்கொள்கிற மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்போம். அது ஒரு வகை மட்டும்தான். நேராக நிற்கும் பெருமாள் அந்த வகை; சிற்பிகள் சமபங்கம் என்பார்கள். நடராஜரைப் பாருங்கள். தூக்கிய இடக்காலும் அதைச் சுட்டும் கையும் ஒரே பக்கம் போகின்றன, ஆனாலும் சாயவில்லை. ஊன்றிய காலுக்கு மேலே முகம் நிற்கிறது. நான் தஞ்சாவூர் கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முன்னால் ஒரு மதியம் முழுக்க நின்றிருக்கிறேன். வகுப்பில் ஆறு மாதம் படித்ததைவிட அது உதவியது.

விகிதத்துக்கும் அந்தச் சிலைகளிலேயே பாடம் இருக்கிறது. இன்றும் இப்படிச் சிலை வார்க்கும் சுவாமிமலையில் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறிப்பார்கள். உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவு முறையில் மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் இன்ச் இல்லை, அந்தச் சிலையின் உயரத்தில் 124இல் ஒரு பங்கு. அளவுகோல் சிலைக்குள்ளேயே இருப்பதால் அரை அடியில் செய்தாலும் ஆறடியில் செய்தாலும் உருவம் கெடாது. யூடியூபில் பொன் விகிதம் (கிட்டத்தட்ட 1க்கு 1.618) பற்றி ரொம்பப் பேசுகிறார்கள். நான் இதுவரை ஒரு வேலைக்கும் அதைத் தொட்டதில்லை. தினமும் என் கையில் படுவது ஏ4 தாளின் 210க்கு 297தான். பாதியாக மடித்தாலும் அதே விகிதம் வரும். 1922இல் ஜெர்மனியில் தரப்படுத்திய அளவு அது.

தாளம், ஒருமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். என் கடையில் அதற்கு அர்த்தம்: ஒரு அட்டையில் இரண்டு ஃபான்ட்டுக்கு மேல் வேண்டாம், ஓரம் பிடித்தால் கடைசிவரை அதே ஓரம்.

பழக வேண்டுமென்றால் வீட்டில் கிடக்கும் பத்து பத்திரிகைகளை எடுங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுத்து மங்கி, வெறும் திட்டுகள்தான் தெரியும். எந்தத் திட்டு முதலில் தெரிகிறது, எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று குறித்துவிட்டு, அப்புறம் கண்ணைத் திறந்து படியுங்கள். அது வந்தவரைப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அனுப்புமா என்று பாருங்கள்.

நான் கெடுத்த அந்த அட்டையைக் கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். "இது நல்லா இருக்கே, இதே மாதிரி போட்டுக் குடுங்க" என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.